இணையச் சதுரங்கத்தில் நகர்வைத் திரும்பக் கேட்டல்

சதுரங்கத்தில் தான் வைத்த ஒரு நகர்வை நீக்கி, பலகையை முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்ல எதிராளியின் சம்மதத்தைக் கேட்பது ‘நகர்வைத் திரும்பக் கேட்டல்’ எனப்படும். ஆங்கில வழக்கில் இதை டேக்பேக் என்பர். நேரடிப் போட்டிகளில் இதற்கு இடமில்லை. இணையச் சதுரங்கத்திலோ பல தளங்களில் இதற்கென ஒரு பொத்தானே இருக்கிறது.

பொத்தான் இருப்பதால் இது தனது உரிமை என்று புதிதாக ஆட வருபவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எதிராளி மறுத்தால் கோபம் வருகிறது. சிலர் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறுகிறார்கள். உண்மையில் அந்தப் பொத்தான் ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. எந்த வேண்டுகோள் நியாயமானது, எது அத்துமீறல் என்பதை அறிய, கைத்தவறு வேறு, கணக்குத் தவறு வேறு என்ற வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே போதும். இந்தக் கட்டுரை அதை விளக்குகிறது.

வழக்கும் சொல்லும்

வீட்டுத் திண்ணையிலும் பள்ளி வராந்தாவிலும் சதுரங்கம் ஆடிய எவருக்கும் இந்தப் பழக்கம் புதிதன்று. ‘தெரியாம வச்சுட்டேன், திருப்பி வச்சுக்கிறேன்’ என்ற பேச்சு எல்லா ஊர்களிலும் உண்டு. ஒருமுறை கேட்டால் விட்டுக்கொடுப்பார்கள். அடிக்கடி கேட்டால் ‘அழுகுணி ஆட்டம்’, ‘போங்கு ஆட்டம்’ என்று கேலி எழும். மதுரை வட்டாரத்துச் சிறுவர்கள் கோலி, கிரிக்கெட், கேரம் எல்லாவற்றுக்கும் இந்தச் சொற்களையே பயன்படுத்துகிறார்கள். அழுகுணி என்பது தோல்வியைத் தாங்க முடியாமல் விதியை வளைக்கப் பார்ப்பவரைக் குறிக்கும். போங்கு என்பது தெரிந்தே செய்யும் ஏமாற்று. திரும்பக் கேட்பவர் எல்லாரும் ஏமாற்றுபவர் அல்லர். ஆனால் எல்லை தாண்டினால் முதலில் அழுகுணி என்ற பெயரும், பிறகு போங்கு என்ற பெயரும் வந்து சேரும்.

பலகை ஆட்டங்களுக்கு இந்த நிலப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. அவற்றுக்கும் இன்றைய சதுரங்கத்துக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆயினும் வைகைக் கரை மக்கள் காய் நகர்த்தி விளையாடினார்கள் என்பதற்கு அவை சான்று. தமிழ்நாட்டின் பல கோயில் மண்டபத் தரைகளில் ஆடு புலி ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதையும் காணலாம்.

இத்தகைய நாட்டுப்புற ஆட்டங்களில் அச்சிட்ட விதிநூலோ நடுவரோ கிடையாது. ஆடத் தொடங்கும் முன்பே ‘வச்சா வச்சதுதான்’ என்றோ, ‘கை எடுக்குற வரைக்கும் மாத்திக்கலாம்’ என்றோ பேசிக்கொள்வார்கள். இப்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் வழக்கம் இணைய ஆட்டத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

நேரடிப் போட்டியின் விதி

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1924ஆம் ஆண்டு சூலை 20 அன்று பாரிசில் தொடங்கப்பட்டது. அது வகுத்துள்ள சதுரங்க விதிகளில் நான்காவது பிரிவு காய்களை நகர்த்தும் முறையைப் பற்றியது. அதன் சாரம் வருமாறு:

• தன் முறை வந்தபோது ஒருவர் தன் காயை வேண்டுமென்றே தொட்டால், விதிப்படி நகர்த்த முடியுமானால் அதையே நகர்த்த வேண்டும்.
• எதிராளியின் காயை வேண்டுமென்றே தொட்டால், முடியுமானால் அதை வெட்ட வேண்டும்.
• காயை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால், அந்த நகர்வில் அதை வேறு கட்டத்துக்கு மாற்ற முடியாது.
• கட்டத்தில் சரியாக நிற்காத காயைச் சரிசெய்ய விரும்பினால், தொடும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். இதற்கு ‘ஜடூப்’ என்ற பிரெஞ்சுச் சொல் உலகெங்கும் வழங்குகிறது.
• எதிராளி இவ்விதிகளை மீறினால் உடனே முறையிட வேண்டும். தானும் ஒரு காயை வேண்டுமென்றே தொட்டுவிட்டால் முறையிடும் உரிமை போய்விடும்.

நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் இதை ‘டச் மூவ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ‘தொட்டால் ஆட வேண்டும், விட்டால் மாற்றக் கூடாது’ என்பதே இதன் பொருள்.

இந்த விதி உலகின் முன்னணி ஆட்டக்காரர்களையும் சோதித்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் நடந்த போட்டியில் உலக வாகையர் காரி காஸ்பரோவ், 17 வயது யூதித் போல்காருடன் ஆடினார். அவர் ஒரு குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, பின் எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். நொடியின் கால் பங்கு நேரம் அவர் கை காயை விட்டு விலகியிருந்ததை ஒளிப்பதிவு காட்டியது. போல்கார் அந்த நேரத்தில் முறையிடவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, காஸ்பரோவ் வென்றார். இன்றுவரை அந்த ஆட்டம் நகர்வுக்காக அல்லாமல், அந்தக் கால் நொடிக்காகவே பேசப்படுகிறது.

2016ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலக வாகையர் தகுதிப் போட்டியில் ஹிக்காரு நாகமுரா தன் அரசனைத் தொட்டுவிட்டு ‘ஜடூப்’ என்றார். எதிரே இருந்த லெவோன் அரோனியன் அதை ஏற்காமல் நடுவரை அழைத்தார். நாகமுரா அரசனையே நகர்த்த வேண்டியதாயிற்று. ஆட்டத்தையும் இழந்தார். அரோனியன் விதிப்படிதான் நடந்துகொண்டார். விதியைக் கேட்டுப் பெறுவது மரியாதைக் குறைவு ஆகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இணையத்துக்கு வந்த கதை

இணையத்தில் காயைத் தொடுவதும் இல்லை, கையை எடுப்பதும் இல்லை. சுட்டியையோ விரலையோ விடுவித்த நொடியில் நகர்வு வழங்கியில் பதிவாகிவிடுகிறது. ஆகவே தொடுதல் விதி அங்கு வேறு வடிவம் எடுக்கிறது: காயைத் தொட்டுவிட்டு வேறு காயை எடுக்கலாம், அதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் நகர்வு பதிவான பிறகு தானாக எதையும் மாற்ற முடியாது.

முதல் இணையச் சதுரங்க வழங்கி 1992ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் வழிவந்த இலவச வழங்கியான ஃபிக்ஸ் 1995இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ஆட்டக்காரர்கள் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே ஆடினார்கள். ‘டேக்பேக்’ என்ற கட்டளையும் அவற்றுள் ஒன்று. அதனுடன் ஓர் எண்ணையும் சேர்த்து, எத்தனை அரை நகர்வுகளைத் திருப்ப வேண்டும் என்று கேட்கலாம். வெள்ளையின் ஒரு நகர்வு அரை நகர்வு. அதற்குக் கறுப்பு தரும் பதில் இன்னோர் அரை நகர்வு. எதிராளி பதில் வைக்கும் முன் கேட்டால் ஓர் அரை நகர்வைத் திருப்பினால் போதும். பதில் வைத்துவிட்டால் இரண்டைத் திருப்ப வேண்டும். இந்தச் சிறு கணக்கில்தான் நாகரிகத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அதைப் பின்னர் காண்போம்.

2010இல் தொடங்கிய லீசெஸ் என்னும் இலவசத் தளத்தில் இன்று இதற்கான அமைப்பு தெளிவாக உள்ளது. ஒருவர் கேட்டால் மற்றவருக்கு ஏற்கவும் மறுக்கவும் இரு வாய்ப்புகள் தோன்றும். ‘ஒருபோதும் வேண்டாம்’, ‘தரப்புள்ளி இல்லாத ஆட்டங்களில் மட்டும்’, ‘எப்போதும்’ என்ற மூன்றில் ஒன்றை ஒவ்வொருவரும் தம் கணக்கில் முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம். அத்தளத்தில் நடக்கும் தொடர்போட்டிகளில் நகர்வைத் திருப்பும் வசதி கிடையாது.

ஒருவர் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வைத்திருந்தால் அது உங்களுக்கு எதிராக எடுத்த முடிவு அன்று. திண்ணையில் ‘வச்சா வச்சதுதான்’ என்று சொல்லிவிட்டு ஆடுவதைப் போன்றதுதான் அது.

கைத்தவறும் கணக்குத் தவறும்

தவறான நகர்வுகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல.

கைத்தவறு என்பது மனம் நினைத்ததைக் கை செய்யாமல் போவது. எதிராளி தன் அரசியால் நம் அரசியை வெட்டுகிறார் என்று கொள்வோம். நாம் யானையால் அதைத் திருப்பி வெட்ட வேண்டும். யானையை இழுக்கும்போது விரல் ஒரு கட்டம் முன்னதாகவே எழுந்துவிட்டது. யானை அரசியின் பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்கிறது. இப்படி ஒரு நகர்வை எவரும் யோசித்து வைக்கமாட்டார். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ போகும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து கைப்பேசியில் ஆடுபவருக்கு ஒரு வேகத்தடை போதும், குதிரை போக வேண்டிய இடத்துக்குச் சிப்பாய் போய்விடும்.

கணக்குத் தவறு என்பது கை சரியாகச் செய்தும் மனம் பிழைபட்டது. சிப்பாய் சும்மா கிடைக்கிறது என்று அரசியால் வெட்டுகிறோம். அடுத்த நொடியே மந்திரியால் அரசி மாட்டிக்கொண்டதைப் பார்க்கிறோம். வைத்த நகர்வு நாம் நினைத்த நகர்வுதான். நினைப்புதான் தவறு.

சதுரங்கம் என்ற ஆட்டமே கணக்குத் தவறுகளால் ஆனது. இருவரும் தவறே செய்யாவிட்டால் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில்தான் முடியும். 2024ஆம் ஆண்டு திசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக வாகையர் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் 55ஆவது நகர்வாக டிங் லிரென் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டால் சிப்பாய்களை மட்டும் கொண்டு கறுப்பு வெல்லும் நிலை வந்துவிடும் என்பதை அவர் கவனிக்கவில்லை. எதிரே இருந்த சென்னையைச் சேர்ந்த குகேஷ் அதைக் கண்டுகொண்டார். 7.5–6.5 என்ற கணக்கில் 18 வயதில் உலக வாகையர் ஆனார். டிங்கின் கை எங்கும் வழுக்கவில்லை. அது கணக்குத் தவறு. அப்படிப்பட்ட தவறைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவதுதான் எதிராளியின் வேலை. அதைத் திரும்பக் கேட்பது, எதிராளி நேர்மையாகப் பெற்றதைத் திருப்பிக் கேட்பதாகும்.

ஆகவே பொதுவான நெறி இது: நட்பு ஆட்டத்தில் கைத்தவறுக்காகத் திரும்பக் கேட்கலாம். கணக்குத் தவறுக்காகக் கேட்கக் கூடாது. சில நேரம் இரண்டையும் பிரித்தறிவது எதிராளிக்குக் கடினம். நகர்வைப் பார்த்தாலே கைத்தவறு என்று தெரிந்தால் அவர் எளிதில் இசைவார். பார்த்தால் யோசித்து வைத்த நகர்வு போலத் தோன்றினால் அவர் ஐயப்படுவதில் தவறில்லை.

எதிராளி எதை இழக்கிறார்

‘ஒரு நகர்வுதானே, விட்டுக்கொடுத்தால் என்ன?’ என்று கேட்பவர், எதிராளி விட்டுக்கொடுப்பது என்னவென்று எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று பொருள்கள் கைமாறுகின்றன.

முதலாவது நேரம். மூன்று நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு நொடியும் காய்க்குச் சமம். வேண்டுகோளைப் படித்து, முடிவெடுத்து, பொத்தானை அழுத்துவதற்குள் கவனம் சிதறிவிடுகிறது. கடிகாரம் ஓடும்போது மறுபடி மறுபடி கேட்பது, எதிராளியின் கவனத்தைக் கலைக்கும் உத்தியாகவே மாறிவிடும். நேரடிப் போட்டியில் காரணமின்றிச் சமன் கேட்டு நச்சரிப்பதையும் ஃபிடே விதி எதிராளியைத் தொந்தரவு செய்வதாகவே கருதுகிறது.

இரண்டாவது திட்டம். இங்கேதான் அரை நகர்வுக் கணக்கு முக்கியமாகிறது. எதிராளி பதில் வைக்கும் முன் கேட்டால் அவர் மனத்தில் உள்ளது வெளியே தெரியாது. பதில் வைத்த பிறகு கேட்டால், அவர் விரித்த வலை வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. பலகை பழைய நிலைக்குத் திரும்பினாலும், வலை இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மறக்கச் செய்யும் பொத்தான் எந்தத் தளத்திலும் இல்லை. ஒரு நகர்வை வைத்து, பதிலைப் பார்த்து, திரும்பக் கேட்டு, இன்னொன்றை வைப்பது ஆழம் பார்க்க எதிராளியின் காலை விடச் செய்வது போன்றது.

மூன்றாவது தரப்புள்ளி. வெற்றி தோல்விக்கு ஏற்ப ஒருவரின் ஆட்டத்திறனை அளக்கும் எண் இது. பேச்சில் ரேட்டிங் என்கிறோம். தரப்புள்ளி ஆட்டத்தில் வெல்பவருக்குப் புள்ளி ஏறுகிறது, தோற்பவருக்கு இறங்குகிறது. அந்த எண்ணை வைத்தே அடுத்த எதிராளியைத் தளம் தேர்ந்தெடுக்கிறது. இருவர் பேசி வைத்துக்கொண்டு நகர்வுகளைத் திருப்பித் திருப்பி ஒருவருக்கு வெற்றி தேடித் தந்தால், அது அவ்விருவரோடு முடிவதில்லை. அடுத்து அவரோடு ஆடப்போகும் அறிமுகமில்லாதவரும் தவறான எண்ணால் ஏமாற்றப்படுகிறார்.

கேட்பவருக்குரிய நாகரிகம்

1. உடனே கேட்க வேண்டும். எதிராளி பதில் வைக்கும் முன் கேட்பதே முறை. பதில் வந்துவிட்டால் கேட்காமல் தொடர்வது நல்லது.

2. ஓர் ஆட்டத்தில் ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. கை இரண்டாம் முறையும் தவறினால் அது நம் கைப்பேசியின் அல்லது கவனத்தின் குறை. அதன் விலையை எதிராளி கொடுக்க வேண்டியதில்லை.

3. மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும். மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவதும், உரையாடல் பெட்டியில் கெஞ்சுவதும், திட்டுவதும் கூடாது.

4. மறுத்ததற்குப் பழிவாங்கும் விதமாக, கடிகாரம் முடியும் வரை நகர்த்தாமல் உட்கார்ந்திருப்பது பெரிய நாகரிகக் குறைவு. நிலைமை கைமீறிப் போயிருந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம்.

5. எதிராளி விட்டுக்கொடுத்தால், எந்தக் கட்டத்துக்குப் போக நினைத்தோமோ அதே நகர்வை வைக்க வேண்டும். கைத்தவறு என்று சொல்லிவிட்டு, கிடைத்த நேரத்தில் புதிதாக யோசித்து வேறு காயை நகர்த்துவது வாக்குத் தவறுவதாகும்.

6. நன்றி சொல்ல வேண்டும். அதே ஆட்டத்தில் எதிராளிக்குக் கை தவறினால் தானும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கேட்கும் சொல்லும் முக்கியம். நண்பர்களுக்குள்ளும் மூத்தவரிடமும் பேசும் வழக்கமே போதும். ‘அண்ணே, கை வழுக்கிருச்சு. ஒரு தடவ திருப்பிக்கிறட்டுமா? முடியலன்னாலும் பரவாயில்லண்ணே’ என்று கேட்டால், மறுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே கொடுக்கிறோம். ‘திருப்பு’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்பது கட்டளை ஆகிவிடும். அறிமுகமில்லாதவரிடம் ‘விரல் தவறிவிட்டது, திருப்பலாமா?’ என்று ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

கேட்கப்படுபவருக்குரிய நாகரிகம்

மறுப்பதற்கு எவருக்கும் முழு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. தரப்புள்ளி ஆட்டத்தில் மறுப்பதே பொதுவான நடைமுறை என்று கொள்ளலாம். ‘இல்லப்பா, வச்சது இருக்கட்டும்’ என்று சொன்னால் போதும். வேண்டுகோளைக் கவனிக்காமல் அடுத்த நகர்வை வைத்தாலும் அது மறுப்பாகவே கொள்ளப்படும். அதையும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விரைவாட்டத்தில் எதிராளி வேண்டுகோளைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அதே நேரம், வெளிப்படையான கைத்தவறை நட்பு ஆட்டத்தில் விட்டுக்கொடுப்பது அழகு. அப்படி விட்டுக்கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை. எதிராளியின் விரல் வழுக்கியதால் கிடைத்த அரசியைக் கொண்டு வெல்வதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நல்ல ஆட்டம் ஒன்று பாதியில் கெட்டுப்போகாமல் காப்பாற்றப்படுகிறது.

ஒருவருக்கு விட்டுக்கொடுத்ததால் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தனக்குக் கை தவறும்போது கேட்பவர், பிறர் கேட்கும்போது எப்போதும் மறுப்பவராக இருந்தால், நண்பர்கள் வட்டத்தில் அவரோடு ஆட ஆளிருக்காது.

போட்டிகளும் தொழில்நுட்பக் கோளாறும்

போட்டி ஆட்டங்களில் நகர்வைத் திரும்பக் கேட்பதில்லை. சுட்டி வழுக்கினாலும், இணைப்பு அறுந்தாலும், பின்விளைவு ஆட்டக்காரரைச் சேர்ந்ததே என்பது இணையப் போட்டிகளின் பொது நிலைப்பாடு. ஆனாலும் மனிதக் கட்டுப்பாட்டை மீறிய கோளாறு வரும்போது எது நியாயம் என்ற கேள்வி எழுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல் ஃபிடே நடத்திய இணைய ஒலிம்பியாட்டில் இக்கேள்வி இருமுறை எழுந்தது. கால் இறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு துண்டிக்கப்பட்டு அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த அணி எதிர்ப்புத் தெரிவித்துப் போட்டியிலிருந்து விலகியது. பின்னர் ஆகஸ்டு 30 அன்று இந்தியாவும் ரஷ்யாவும் மோதிய இறுதிப் போட்டியில், உலக அளவில் ஏற்பட்ட கிளவுட்ஃபிளேர் நிறுவனச் சேவைக் கோளாற்றால் இந்தியாவின் நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்தார்கள். இம்முறை ஃபிடே இரு அணிகளையும் கூட்டு வாகையர்களாக அறிவித்தது. கோளாறு ஒருவரின் இணைப்பில் ஏற்பட்டதா, உலகத்துக்கே ஏற்பட்டதா என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. இருந்தும் எந்த முடிவும் எல்லாரையும் நிறைவு செய்யவில்லை.

அதே ஆண்டு இணையவழி நடந்த வேறொரு தொடரில், சமனாக முடிய வேண்டிய நிலையில் டிங் லிரெனின் இணைப்பு அறுந்து அவர் தோற்றார். வென்றவர் மேக்னஸ் கார்ல்சன். அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் நான்காவது நகர்விலேயே தன் அரசியை வேண்டுமென்றே இழந்து, தோல்வியை ஒப்புக்கொண்டார். நடந்து முடிந்த ஆட்டத்தைத் திருப்பும் வழி விதியில் இல்லை. எனவே தன் கையில் இருந்ததைக் கொண்டு அவர் கணக்கைச் சமன் செய்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வேண்டுகோள் ஆகியிருக்கும். கேளாமலே செய்ததால் பெருந்தன்மை ஆயிற்று.

கற்கும் சிறுவர்களும் நகர்வைத் திருப்புதலும்

2022ஆம் ஆண்டு சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. வேட்டி சட்டை அணிந்த ‘தம்பி’ என்னும் குதிரைச் சின்னம் தமிழ்நாட்டுக் குழந்தைகளிடையே புகழ்பெற்றது. இன்று பல சிறுவர்கள் பலகைக்கு முன்பே கைப்பேசியில் சதுரங்கத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் திருப்பும் பொத்தான் நன்மையா, தீமையா?

தொடக்கத்தில் நன்மை. காய்கள் நகரும் விதம் பழகும் வரை, தவறான நகர்வைத் திருப்பி வைத்து ‘இது ஏன் கூடாது’ என்று காட்டுவது சிறந்த கற்பித்தல் முறை. அப்பாவோ அக்காவோ கூட அமர்ந்து ஆடும்போது, குழந்தை அரசியை இழந்த இடத்தில் நிறுத்தி, திருப்பி, மறுபடி யோசிக்கச் சொல்லலாம். கணினியோடு ஆடும்போதும் இப்படிச் செய்யலாம். அங்கு எதிரே மனிதர் இல்லாததால் நாகரிகச் சிக்கலும் இல்லை.

ஆனால் விதிகள் பழகிய பிறகும் இது தொடர்ந்தால் ஒரு கெட்ட பழக்கம் வேரூன்றும். முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு யோசிக்கும் பழக்கம் அது. பள்ளி அளவிலான முதல் நேரடிப் போட்டிக்குப் போகும் குழந்தை, காயைத் தொட்டு, தயங்கி, வேறு காயை எடுக்கும்போது எதிராளி கையை உயர்த்துவார், நடுவர் வந்து ‘தொட்டதை ஆடு’ என்பார். இணையத்தில் பல நூறு ஆட்டங்கள் ஆடிய பிள்ளைக்கு அந்த நொடி அதிர்ச்சியாக இருக்கும். அழுதுகொண்டே மீதி ஆட்டத்தை ஆட வேண்டியிருக்கும். ஆகவே போட்டிக்குச் செல்லும் முன் சில வாரங்களாவது வீட்டில் மரப்பலகையில், தொடுதல் விதியோடு ஆடிப் பழக்க வேண்டும். இணைய ஆட்டத்திலும் திருப்பும் வசதியை அணைத்துவிடலாம்.

தவறை ஆராய்வதற்கு வேறு இடம் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகு பகுப்பாய்வுப் பலகையில் எத்தனை நகர்வுகளை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். அங்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கைத்தவறைக் குறைக்கும் வழிகள்

திரும்பக் கேட்கும் தேவையே வராமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

• கைப்பேசியில் காயை இழுத்து வைப்பதைவிட, முதலில் காயையும் பிறகு போக வேண்டிய கட்டத்தையும் தொடும் முறையில் தவறு குறையும்.
• சில தளங்களில் நகர்வை உறுதிசெய்யும் வசதி உண்டு. அதை இயக்கினால், நகர்த்திய பிறகு இன்னொரு முறை அழுத்தினால்தான் நகர்வு பதிவாகும். நேரம் அதிகமுள்ள ஆட்டங்களுக்கு இது ஏற்றது.
• எதிராளி நகர்த்தும் முன்பே நம் நகர்வைப் பதிந்து வைக்கும் முன்நகர்வு வசதியைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். எதிராளி எதிர்பாராததைச் செய்தால் அது வினையாகிவிடும். அதைத் திரும்பக் கேட்பதும் முறையன்று. முன்நகர்வு என்பது தெரிந்தே எடுத்த துணிவு.
• சிப்பாய் கடைசி வரிசையை அடையும்போது தானாகவே அரசியாக மாறும் வகையில் அமைப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.
• பேருந்திலோ அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்திலோ இருக்கும்போது தரப்புள்ளி ஆட்டத்தைத் தவிர்க்கலாம். நட்பு ஆட்டமோ புதிர்ப் பயிற்சியோ அந்நேரத்துக்குப் போதும்.
• நண்பருடன் ஆடத் தொடங்கும் முன் திருப்பலாமா, கூடாதா என்பதை ஒரு வரியில் பேசிவிட வேண்டும்.

நேரடிப் பலகையில் விதிநூலும் நடுவரும் ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்துகிறார்கள். இணையத்தின் நட்பு ஆட்டத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் ஆடும் இருவரே. விரல் தவறியதா, எண்ணம் தவறியதா என்பது வைத்தவருக்கு மட்டுமே உறுதியாகத் தெரியும். எதிரே இருப்பவர் அவர் சொல்லை நம்பித்தான் விட்டுக்கொடுக்கிறார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காமல் கேட்பவருக்கு, அடுத்த முறை கை உண்மையிலேயே வழுக்கும்போதும் ‘சரிப்பா, வச்சுக்க’ என்ற பதில் கிடைக்கும்.